இடருற்ற கலமும் புரத ஆக்கமும்

உயிருள்ள கலம் ஒவ்வொன்றும் இரவு பகலின்றிப் புரதங்களை ஆக்கிக்கொண்டேயிருக்கும். தசையின் இழையும், குருதியின் செந்நிறப் பொருளும், உணவைச் செரிப்பிக்கும் நொதியங்களும் புரதங்களே. கலம் தான் ஈட்டும் சத்தியின் பெரும்பங்கை இத்தொழிலுக்கே செலவிடுகின்றது. ஆயின், வெப்பம் மிகும்போதும், உணவு அருகும்போதும், நஞ்சு கலக்கும்போதும், வைரசு புகும்போதும் இத்தொழில் சில நிமிடங்களுள்ளே தளர்ந்து, பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. எண்ணெய் வற்றிய விளக்கு மங்குதல்போல, அடிபட்ட கலம் வலுவிழந்து ஓய்கின்றது என்று கொள்ளுதல் இயல்பே. அவ்வோய்வு கலமே தன் கருவிகளைக் கொண்டு வேண்டிச் செய்யும் ஒரு செயல் என்பது, 1962 ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளிற் படிப்படியாகவே துணியப்பட்டது.

இத்துணிபு ஒரே ஆராய்ச்சிசாலையிற் பிறந்ததன்று. பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை நுணுக்குக்காட்டியில் நோக்கியோர் ஒருபுறம், முயலின் குருதியைக் குழாயிலிட்டுச் சோதித்தோர் ஒருபுறம், மதுவத்தைப் பட்டினியிட்டு வளர்த்தோர் ஒருபுறமாக, ஒருவர் தேடுவது மற்றவர் தேடுவதற்கு இனமானது என்பதை அறியாமலே உழைத்தனர். அவர்தம் வழிகள் எங்ஙனம் ஒன்றையொன்று சந்தித்தன என்பதே ஈண்டு ஆராயப்படும்.

வரலாற்றைத் தொடங்குமுன் புரதம் ஆக்கப்படும் முறையைச் சுருங்கக் கூறுதல் தகும். கருவிலுள்ள டீ.என்.ஏ.யிற் பொறிக்கப்பட்ட செய்தி, தூது ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்பட்டுக் கருவுக்கு வெளியே வருகின்றது. ஆங்கு இறைபோசோம் எனப்படும் நுண்ணுறுப்புக்கள் அப்படியை ஒரு முனையிலிருந்து படித்துச் சென்று, படித்தவாறே அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கின்றன. ஆகவே, கலம் தன் புரத ஆக்கத்தை இரண்டிடங்களிற் கட்டுப்படுத்தல் கூடும்: ஒன்று படியெடுக்குமிடம், மற்றது படிக்குமிடம். ஈயிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி முதலாவதிலும், முயற்குருதியிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி இரண்டாவதிலும் ஒளி பாய்ச்சின.

ஈக்களின் குடம்பிகளில் உமிழ்நீர்ச் சுரப்பிக் கலங்கள் மிகப் பெரியவை. அவற்றிலுள்ள நிறமூர்த்தங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இழைகள் பிரியாது ஒட்டிக்கிடத்தலால், அவை வரிவரியான தடித்த கயிறுகள்போற் றோன்றும். இவற்றை 1881 இலேயே பல்பியானி என்பார் கண்டிருந்தார். இக்கயிறுகளிற் சிலவிடங்கள் உப்பியிருத்தல் உண்டு. அவ்வுப்பல்கள் எவ்வெவ்விடத்தில் உள்ளன என்பது இழையத்துக்கு இழையம் வேறுபடுதலை 1952 இற் பேர்மன் எடுத்துக்காட்டி, உப்பிய இடம் தொழிற்படும் பரம்பரையலகைக் குறிக்கும் என்றார். தோலுரிக்கச் செய்யும் ஓமோனைக் குடம்பியினுட் செலுத்தினால் குறித்த சில உப்பல்கள் எழுதலை 1960 இற் கிளேவரும் கார்ல்சனும் காட்டினர். பரம்பரையலகு ஒன்று விழித்தெழுவதைக் கண்ணாற் காண்பதற்கு அக்காலத்தில் இதனைவிடச் சிறந்த வாயில் இருந்ததில்லை.

இத்தாலிய இளைஞரான பெருச்சியோ ரித்தோசா இவ்வாயிலில் நின்று, உப்பல்களில் ஆர்.என்.ஏ. ஆக்கப்படுதலை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் ஆராய்ச்சிசாலையிலிருந்த ஒருவர், ஈக்களை வைத்திருந்த வெப்பக்கூண்டின் வெப்பநிலையை உயர்த்திவிட்டார். அதனை அறியாத ரித்தோசா சுரப்பிகளை எடுத்து நோக்கியபோது, வழக்கமான உப்பல்கள் தணிந்திருக்க, முன்னர்க் காணாத இடங்களிற் பெரிய உப்பல்கள் எழுந்திருந்தன. அறிவியல் வரலாற்றிற் பெயரின்றி நிற்கும் அவ்வொருவருக்கு உயிரியல் பெரிதும் கடமைப்பட்டுள்ளது. தவறு இன்னதென அறிந்த பின்னர், ரித்தோசா அதனை வேண்டுமென்றே மீட்டும் மீட்டும் செய்தார். வெப்பநிலை உயர்ந்த சில நிமிடங்களுள்ளே புதிய உப்பல்கள் எழுந்தன. வெப்பம் சிறிதுமின்றி, கலத்தின் சத்தி ஆக்கத்தைக் குலைக்கும் இருநைத்திரோபினோல் என்னும் பொருளை இட்டபோதும் அவ்வுப்பல்களே எழுந்தன. ஆகவே கலம் விடை கூறியது வெப்பம் என்னும் ஒன்றுக்கு மாத்திரமன்று என்பது அப்போதே புலனாயிற்று.

இக்கண்டுபிடிப்பைப் பெயர்பெற்ற சஞ்சிகையொன்று, அறிவியலுலகுக்குப் பயனற்றதெனக் கூறி ஏற்க மறுத்ததாக ரித்தோசாவே 1996 இல் எழுதியுள்ளார். 1962 இல் அது 'எக்ஸ்பீரியன்சியா' என்னும் சஞ்சிகையிற் சிறு கட்டுரையாக வெளிவந்தது. மறுத்தவர்களை இக்காலத்திலிருந்து பழித்தல் எளிது. அவர்கள் முன்னிருந்தது யாது? சிறு ஈயொன்றின் உமிழ்நீர்ச் சுரப்பியிலே, அதற்கு இயல்பல்லாத சூட்டில், நிறமூர்த்தத்தின் சில இடங்கள் வீங்கின என்பதே. வீங்கிய இடம் எப்பொருளை ஆக்குகின்றது என்பதற்கோ, அப்பொருள் ஈக்கு எவ்வாறு உதவுகின்றது என்பதற்கோ விடை இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக இதனைத் தொடர்ந்தவர் மிகச் சிலரே.

1974 இல், சுவிற்சர்லாந்தினரான அல்பிரெட் தீசியேர், கலிபோர்னியத் தொழினுட்பக் கழகத்தில் ஹேர்ஷல் மிற்செல், ஊர்சுலா திரேசி என்போருடன் கூடி அவ்விடைகளுள் முதலாவதைக் கண்டார். சூடேற்றிய ஈக்களின் இழையங்களுக்குக் கதிர்த்தொழிற்பாடுடைய அமினோ அமிலத்தைக் கொடுத்து, அப்போது ஆக்கப்படும் புரதங்களை மட்டும் அடையாளப்படுத்தி, மின்புலத்தில் எடைவாரியாகப் பிரித்து நோக்கினர். முன்னர் ஆக்கப்பட்டுக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான புரதங்களின் வரிகள் மங்கிப்போயின; மிகச் சில புதிய வரிகள் கருமையாய்த் தோன்றின. அவற்றுள் மிகத் தடித்தது எழுபதினாயிரம் அளவான மூலக்கூற்று நிறையுடையது. உமிழ்நீர்ச் சுரப்பியில் மாத்திரமன்றி மூளையிலும் பிற உறுப்புக்களிலும் அவையே தோன்றின. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என அவை பெயர்பெற்றன. 1978 அளவிற் கோழியின் கலங்களிலும், மதுவத்திலும், பற்றீரியாவிலும் இவற்றையொத்தவை காணப்பட்டன. ஈயின் விந்தையென எண்ணப்பட்டது உயிரினங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பண்பென்று அறியப்பட்ட காலம் இதுவே.

எனினும், தீசியேரின் படங்களிற் புதிய வரிகளைக் கண்டு வியந்த பலர், மங்கிய வரிகளைப் பொருட்படுத்தவில்லை. சூட்டினால் இறைபோசோம்கள் பழுதுற்றிருக்கலாம், அல்லது பழைய தூது ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கலாம் என்று கொள்ளுதல் எளிதாயிருந்தது. அமெரிக்கரான சூசன் லின்ட்குவிஸ்ற் என்னும் அம்மையாரும் வேறு சிலரும் 1980, 1981 ஆம் ஆண்டுகளில் இதனை ஆராய்ந்து அவ்வெண்ணத்தை மாற்றினர். சூடேற்றிய ஈக்கலங்களிற் பழைய தூது ஆர்.என்.ஏ. சிதையாது அப்படியே இருந்தது. கலங்களை மீண்டும் பழைய வெப்பநிலைக்குக் கொண்டுவந்தபோது, அதே படிகள் மீளப் படிக்கப்பட்டன. இறைபோசோம்களும் பழுதுற்றில்லை, ஏனெனில் வெப்ப அதிர்ச்சிப் படிகளை அதே சூட்டில் அவை நன்றாகவே படித்தன. சேதமாயின் எல்லாப் படிகளையும் ஒருங்கே தாக்கும். ஈண்டோ சில படிகள் ஏற்கப்பட்டன, பல ஒதுக்கிவைக்கப்பட்டன. தெரிந்தெடுத்தல் நடைபெறுமிடத்தில் ஆட்சி ஒன்று உண்டு என்பதை மறுத்தல் அரிது.

அப்புதிய புரதங்களின் தொழில் யாது என்னும் வினாவுக்கு 1986 இல் ஹியூ பெல்ஹம் தந்த விடை இன்றும் நிலைத்துள்ளது. புரதம் என்பது மடிந்து குறித்த வடிவுற்ற பின்னரே தொழில் செய்ய வல்லது. சூட்டில் அம்மடிப்புக் குலையும். குலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். முட்டையின் வெண்கரு வெந்து கட்டியாதல் இதற்கு யாவரும் அறிந்த சான்று. எழுபதினாயிர நிறையுடைய புரதம் குலைந்த புரதங்களைப் பற்றி, அவை திரளாவண்ணம் காத்து, மீள மடிவதற்கு இடமளிக்கின்றது என்றார் பெல்ஹம். இதனையும் நோக்கும்போது, பழைய படிகள் ஒதுக்கப்பட்டதன் காரணம் ஒருவாறு விளங்கும். முன்னரே உள்ள புரதங்கள் குலைந்து குவியும் வேளையில், மடியாத புதுப்புரதங்களை மேலும் மேலும் உள்ளே தள்ளுதல் இடரைப் பெருக்கும். ஆக்கத்தைக் குறைத்தலும் காவலரைக் கூட்டுதலும் ஒரே நோக்கத்தின் இரு கைகள்.

ஆயின் 'குறைத்தல்' எவ்வாறு நிகழ்கின்றது? இதனை ஈக்களிடம் கேட்டோருக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. விடையின் பெரும்பகுதி, வெப்ப அதிர்ச்சியைப்பற்றி எண்ணியுமிராத வேறொரு கூட்டத்தாரிடம் முன்னரே இருந்தது.

முயலின் முதிராச் செங்குருதிக் கலம் கருவை இழந்தது. ஆதலின் புதிய படிகளை எடுக்க அதனால் இயலாது. இருக்கும் படிகளைக்கொண்டு புரதம் ஆக்குவதே அதன் தொழில். அது ஆக்கும் புரதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டது ஈமோகுளோபினின் புரதப் பகுதியாகிய குளோபினே. அப்புரதத்தோடு இரும்பைக் கொண்ட ஈம் என்னும் பொருள் சேர்ந்தாலன்றி ஈமோகுளோபின் நிறைவுறாது. இரும்பு குறைந்தாற் குளோபின் ஆக்கமும் குறைதலை 1950 களிலேயே ஆராய்வாளர் கண்டிருந்தனர். இர்விங் லண்டன் என்பார் 1965 இற் புறூன்சு என்பாருடன் கூடி, ஈமின் வடிவமான ஈமினைச் சேர்த்தால் ஆக்கம் தூண்டப்படுதலைக் காட்டினார். பின்னர் கலங்களை உடைத்துப் பெற்ற சாற்றைக் குழாயிலிட்டு ஆராயும் முறை கைவந்தது. ஈமின் இடப்பட்ட சாறு நெடுநேரம் புரதம் ஆக்கியது. இடப்படாத சாறோ முதலிற் சில நிமிடங்கள் அதே வேகத்தில் ஆக்கி, திடீரென நின்றது.

இத்திடீர் நிறுத்தமே ஆராய்வாளரைக் கவர்ந்தது. ஈம் என்பது குளோபினின் மூலப்பொருளன்று. அது இல்லாவிடினும் அமினோ அமிலங்களைக் கோத்தற்குத் தடையில்லை. அவ்வாறாகவும் இறைபோசோம்கள் ஏன் நின்றன? 1969 இல் மக்ஸ்வெல், ரபினோவிற்சு ஆகியோரின் ஆராய்ச்சி இதற்கு வழி காட்டிற்று. ஈமின் இன்றிச் சிறிது நேரம் வைக்கப்பட்ட சாற்றில் ஒரு தடைப்பொருள் தோன்றுகின்றது. அதனிற் சிறிதளவை எடுத்து, நன்றாகத் தொழிற்பட்டுக்கொண்டிருக்கும் புதுச் சாற்றிலிட்டால் அதுவும் நின்றுவிடுகின்றது. பழைய சாறு ஏதோவொன்றை இழந்ததனால் நின்றிருப்பின், புதுச் சாற்றோடு கலந்தபோது அக்குறை நிரம்பியிருக்கும். நின்ற சாறு ஓடியிருக்கும். ஓடிய சாறு நின்றதாகலின், அங்கே இருந்தது குறையன்று, தடுக்கும் கருவி. பின்னாளில் ஈக்களில் எழுந்த வினாவுக்கு விடைகூறவல்ல இப்பரிசோதனை, எளிமையிலும் அழகிலும் இவ்வரலாற்றில் வேறெதற்கும் தாழ்ந்ததன்று. அதன் பெறுமதி ஈ ஆராய்வாளரிடையே உடனே உணரப்படாமை வியப்பன்று. இரு கூட்டத்தாரும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தேடினர்.

அத்தடைப்பொருள் ஒரு நொதியம் என்பதும், பொசுபேற்றுக் கூட்டமொன்றை வேறொரு புரதத்தில் ஏற்றுவதே அதன் தொழில் என்பதும் 1976, 1977 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. லண்டனின் கூட்டத்தாரும், ஹாடெஸ்ரியின் கூட்டத்தாரும், கேம்பிறிச்சிலே ரிம் ஹண்ற், ரிச்சட் ஜக்சன் என்போரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இம்முடிபுக்கு வந்தனர். இவருள் ஹண்ற், கலப்பிரிவை ஆளும் புரதங்களைக் கண்டமைக்காக 2001 இல் நோபெற் பரிசு பெற்றவர். முயற்குருதியிலே தேர்ச்சிபெற்ற கை அதற்கு முன்னரே இப்பணியைச் செய்திருந்தது.

பொசுபேற்று ஏற்றப்படும் புரதம் இரண்டாந் தொடக்கக் காரணி எனப்படும். இறைபோசோம் ஒரு படியைப் படிக்கத் தொடங்குவதற்கு முதல் அமினோ அமிலம் வேண்டும். அதனைச் சுமந்துவந்து சேர்ப்பது இக்காரணியே. ஒருமுறை சுமந்தபின் அது செயலற்ற நிலையை அடையும். புதுப்பிக்கும் காரணியொன்று அதனை மீளச் செயற்படுநிலைக்குக் கொணரும். தொடக்கக் காரணியிலுள்ள ஐம்பத்தோராவது அமினோ அமிலமாகிய செரீனிற் பொசுபேற்று ஏறிவிட்டால், அக்காரணி புதுப்பிக்கும் காரணியை இறுகப் பற்றிக்கொண்டு விடாது. புதுப்பிக்கும் காரணியோ எண்ணிக்கையிற் குறைந்தது. ஆதலின் தொடக்கக் காரணிகளுள் ஒரு பகுதி பொசுபேற்று ஏறினாலே போதும். புதுப்பிப்போர் எல்லாரும் சிறைப்பட, பொசுபேற்று ஏறாத ஏனைக் காரணிகளும் பயனற்றுக் கிடக்கும். ஓடத்துறையில் ஓடங்கள் பல இருந்தும், துடுப்பு வழங்குவோன் கட்டுண்டால் ஒன்றும் புறப்படாமை போல்வது இது. சிறு கைப்பிடியால் பேரியந்திரத்தை நிறுத்தும் இவ்வொழுங்கு கேவலம் சேதத்தின் விளைவாகத் தோன்றியிருத்தல் இயலாது.

இதே காலத்தில் வேறொரு வாயிலும் திறந்தது. போலியோ வைரசின் ஈரிழை ஆர்.என்.ஏ.யை மிகச் சிறிய அளவில் முயற்சாற்றிலிட, புரத ஆக்கம் நிற்பதை 1971 இல் எலி ஏரன்பெல்ற், ஹண்ற் ஆகியோர் கண்டனர். அதன் காரணம் வேறொரு நொதியம் எனப் பின்னர் அறியப்பட்டது. அதுவும் அதே செரீனிலேயே பொசுபேற்றை ஏற்றுகின்றது. வைரசு தன் புரதங்களைக் கலத்தின் இறைபோசோம்களைக் கொண்டே ஆக்குவதாகலின், புகுந்த கள்வனுக்கு உதவாவண்ணம் கலம் தன் பட்டறையையே பூட்டுகின்றது. சூடேற்றிய முயற்கலங்களிலும் மனிதக் கலங்களிலும் அதே பொசுபேற்று ஏறுதலை ஏர்ன்ஸ்ற் முதலியோர் 1982 இல் அறிவித்தபோது, ஈயின் வழியும் முயலின் வழியும் முதன்முறையாக ஒன்றையொன்று தொட்டன. வெப்ப அதிர்ச்சியில் நிகழும் நிறுத்தம் முழுவதையும் இவ்வொன்றே விளக்காது. வேறு தொடக்கக் காரணிகளும் அங்கே மாறுகின்றன. எனினும் ஒரு பொதுக் கைப்பிடி உண்டு என்பது தெளிவாயிற்று.

இனி ஒரு சிக்கல் எஞ்சிற்று. எல்லாப் படிகளையும் படித்தற்கு வேண்டிய காரணியை அடக்கினால் எல்லாமே நிற்கும். இடரிலிருந்து மீள்வதற்கு வேண்டிய புரதங்களைக் கலம் எவ்வாறு ஆக்கும்? இதற்கு விடை தந்தது, அப்பம் புளிக்கவைக்கும் மதுவம். அமினோ அமிலம் குறைந்தால் மதுவம் தானே அமினோ அமிலங்களை ஆக்கும் நொதியங்களைப் பெருக்கும். அவற்றின் பரம்பரையலகுகளை எழுப்புவது ஜீ.சீ.என்.4 என்னும் புரதம். பட்டினியின்போது பொதுவான புரத ஆக்கம் குறைய, இப்புரதத்தின் ஆக்கம் மட்டும் கூடுதலை 1984 இல் அலன் ஹின்னபுஷ் அறிவித்தார். இதன் தூது ஆர்.என்.ஏ.யில், உண்மையான செய்திக்கு முன்னர் நான்கு குறுஞ்செய்திகள் அமைந்துள்ளன. இறைபோசோம் முதலாவதைப் படித்துவிட்டு மேலே நகர்கின்றது. தொடக்கக் காரணி மலிந்திருக்குங் காலத்தில், அது விரைவில் மீளவும் அதனைப் பெற்றுப் பின்னுள்ள குறுஞ்செய்தியைப் படித்து, அங்கேயே படியைவிட்டு நீங்கிவிடும். உண்மைச் செய்தியை அடைவதில்லை. காரணி அருகியிருக்குங் காலத்திலோ, அதனைப் பெறுவதற்குள் இறைபோசோம் குறுஞ்செய்திகளைத் தாண்டி நெடுந்தூரம் வந்துவிடும். பெற்றதும் உண்மைச் செய்தியைப் படிக்கும். பிறவற்றுக்குத் தடையாகும் பஞ்சமே இதற்குத் திறவுகோலாகின்றது. ஜீ.சீ.என்.2 என்னும் நொதியம் அதே செரீனிற் பொசுபேற்றை ஏற்றியே இப்பஞ்சத்தை உண்டாக்குகின்றது என்பது 1992 இல் உறுதியாயிற்று. முயலிலும் மதுவத்திலும் ஒரே கைப்பிடி!

கலத்தினுள்ளே அகமுதலுருச் சிறுவலை என்றொரு பகுதி உண்டு. வெளியே அனுப்பப்படும் புரதங்கள் அதனுள்ளேயே மடிகின்றன. அங்கே மடியாத புரதங்கள் தேங்கினால் அச்செய்தி கருவுக்கு எட்டுதலை 1988 இற் கெதிங், சாம்புறூக் ஆகியோரின் கூட்டத்தார் காட்டினர். அச்செய்தியைச் சொல்லும் புரதத்தை 1993 இல் சான் பிரான்சிஸ்கோவிற் பீற்றர் வால்ற்றரின் கூட்டத்தாரும், கெதிங், சாம்புறூக்கின் ஆராய்ச்சிசாலையிலிருந்த கசுதோஷி மோரியும் மதுவத்திலே தனித்தனியாகக் கண்டனர். இருவரும் 2014 இல் லாஸ்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அவர்களுக்கிடையே நிகழ்ந்த போட்டி தனியே எழுதத்தக்கது; ஈண்டைக்கு வேண்டுவது அதனையடுத்து வந்ததே. 1999 இல் நியூயோர்க்கில் டேவிட் ரொன் என்பாரும் கூட்டத்தாரும் பாலூட்டிகளிற் பேர்க் என்னும் நொதியத்தை விளக்கினர். இதன் ஒரு பாதி சிறுவலையினுள்ளே நின்று மடியாத புரதங்களை உணர்கின்றது. மறு பாதி வெளியே நின்று, அதே செரீனிற் பொசுபேற்றை ஏற்றுகின்றது. ஈம்குறைவு, வைரசு, பட்டினி, மடிப்புக் குலைவு என நான்கு இடர்களுக்கு நான்கு நொதியங்கள். தொடும் இடமோ ஒன்று. ரொன்னின் கூட்டத்தார் 2003 இல் இதனை ஒருங்கிணைந்த இடர் எதிர்வினை எனக் குறிப்பிட்டனர். முயற்குருதியிற் கண்ட பழைய நொதியமே, கலத்தின் சத்தியாக்கும் இழைமணிகள் பழுதுறும்போதும் செய்தி பெறுகின்றது என்பது 2020 இல் வெளிவந்தது. ரித்தோசா இருநைத்திரோபினோலை இட்டுக் கெடுத்ததும் இழைமணியின் தொழிலையே என்பதை ஈண்டு நினைத்தல் பொருந்தும்.

ஆராய்ச்சிசாலைக்கு அப்பால் இதன் பெறுமதியைக் காட்டியவை குழந்தைகளின் நோய்களே. 1972 இல் வொல்கொற், ரலிசன் என்னும் மருத்துவர் விவரித்த அரிய நோயிற் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு தோன்றும். எலும்புகளும் வளர்ச்சி குன்றும். அக்குழந்தைகளிற் பேர்க் நொதியத்தின் பரம்பரையலகு விகாரமுற்றிருத்தல் 2000 இல் அறியப்பட்டது. சதையியில் இன்சுலினைச் சுரக்குங் கலங்கள் அப்புரதத்தை மிகுதியாக ஆக்கிச் சிறுவலையை எப்போதும் நிரப்பிவைத்திருப்பவை. நிறுத்தத்தெரியாத அக்கலங்கள் தம் தொழிலின் மிகுதியாலேயே அழிகின்றன. பேர்க் அற்ற சுண்டெலிகளிலும் அவ்வழிவே காணப்பட்டது. நிறுத்தம் சேதமா, செயலா என்னும் பழைய வினாவுக்கு இதனினும் கொடிய விடை வேண்டியதில்லை.

நிறுத்தம் நீடித்தாலும் கேடே. பிரியன் நோயுற்ற சுண்டெலிகளின் மூளையிற் பொசுபேற்று நீங்காதிருத்தலால் நரம்புக்கலங்கள் தமக்கு வேண்டிய புரதங்களையும் ஆக்கமாட்டாது மடிதலையும், அத்தடையை அகற்றினால் அவை காக்கப்படுதலையும் 2012 இல் ஜியோவன்னா மலூச்சியின் கூட்டத்தார் காட்டினர். அடுத்த ஆண்டில் வால்ற்றரின் ஆராய்ச்சிசாலை இஸ்ரிப் என்னும் சிறு சேர்வையை அறிவித்தது. பொசுபேற்று ஏறியிருந்தும் புதுப்பிக்கும் காரணியைத் தொழிற்படச் செய்வது அது. அது கொடுக்கப்பட்ட சுண்டெலிகளின் நினைவாற்றல் கூடியதாகவும் கூறப்பட்டது.

அப்புதுப்பிக்கும் காரணியே பிறப்பிற் குறையுற்ற குழந்தைகளும் உளர். நெதர்லாந்து மருத்துவரான மார்யோ வான் டெர் கினாப் அம்மையார் 1997 இல் விவரித்த அந்நோயில், மூளையின் வெண்பொருள் சிறிது சிறிதாக மறைந்துபோகின்றது. அதன் காரணம் புதுப்பிக்கும் காரணியின் ஐந்து பகுதிகளுள் ஒன்றில் நேரும் விகாரம் என்பது 2001, 2002 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. நடந்து விளையாடும் குழந்தை, பிறர்க்கு இரண்டு நாளில் மாறும் காய்ச்சலொன்றின் பின்னர், அல்லது தலையிற் சிறு அடி பட்ட பின்னர், நடையை இழக்கின்றது. சிலவேளை உணர்விழந்து கிடக்கின்றது. காரணியின் இருப்பு ஏற்கெனவே குறைந்த கலத்துக்குக் காய்ச்சலின் சூடு மேலும் ஒரு சுமையாகின்றது என்று கருதப்படுகின்றது. இதே விகாரமுடைய சுண்டெலிகளில் இஸ்ரிப்பை ஒத்த சேர்வைகள் நன்மை பயத்தலை 2019 இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டின. நோயுற்ற குழந்தைகளின் பெற்றோருக்கு மருத்துவர் கூறிவரும் அறிவுரை எளியது: காய்ச்சல் கண்டவுடன் சூட்டைத் தணித்தல், தொற்றுநோய் அணுகாது காத்தல், குழந்தையின் தலையில் அடிபடாது பார்த்தல்.